‘டஸ்க்’ என்று தட்டினால் ஆயிரம் வருஷம் விரிகிறது: கிளாஸ்கோவின் ‘ஹிஸ்டாரிக்கல் தெசாரஸ்’

பழைய ஆங்கிலம் படிக்கிறவர்கள், அதைப் பாடமாக நடத்துகிறவர்கள், தமிழில் மொழிபெயர்க்கிறவர்கள் எல்லோருக்கும் நான் தயங்காமல் சொல்லும் இணையதளம் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகம் நடத்துகிற ‘ஹிஸ்டாரிக்கல் தெசாரஸ் ஆஃப் இங்கிலிஷ்’. பெயரைத் தேடுபொறியில் போட்டாலே வந்துவிடும். காசு கேட்பதில்லை.

சாதாரண தெசாரஸில் ஒரு சொல்லைத் தேடினால் அதே பொருள் தருகிற வேறு சொற்கள் கிடைக்கும். 1852இல் ரோஜே என்பவர் தன் தெசாரஸை வெளியிட்ட காலத்திலிருந்து வழி அதுதான். ஒரு தலைப்பு, அதன்கீழ் ஒரு சொற்கூட்டம். கிளாஸ்கோக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது எழுத்தில் முதலில் அகப்பட்ட ஆண்டைப் போட்டிருக்கிறார்கள். வழக்கொழிந்த சொல்லாக இருந்தால் கடைசியாக அகப்பட்ட ஆண்டும் இருக்கும். வரிசை பழசிலிருந்து புதுசுக்கு. பக்கத்தைத் திறந்ததும் ஒரு பொருளைச் சொல்ல எந்த நூற்றாண்டில் எந்தெந்தச் சொல் புழங்கியது என்பது மேலிருந்து கீழாகக் கண்ணில் படும்.

மொத்தம் ஏறக்குறைய 8 லட்சம் பதிவுகள். அத்தனையையும் பார்த்து மதிப்பெண் போட யாராலும் ஆகாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு என்கிற கணக்கில் நான் எடுத்துக்கொண்டது ஒரு மூலையைத்தான்: விடியல், மதியம், அந்தி, முந்தாநாள், நாளைமறுநாள் என்று அன்றாடப் பொழுதைச் சொல்லும் சொற்கள். காரணம் இருக்கிறது. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். சனி ஞாயிறுகளில் அஞ்சல்வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிலும் ஷேக்ஸ்பியரிலும் கடினமான சொற்களுக்கு எல்லாம் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு கொடுத்துவிடுவார். நூன், ஈவ்னிங், மாரோ மாதிரி தெரிந்த முகமாக வருகிற சொற்களுக்குப் பல பதிப்புகளில் குறிப்பே இருக்காது. பிள்ளைகள் ஏமாறுவது அங்கேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘தமிழில் சிறுபொழுதே ஆறு. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது, மார்னிங் ஈவ்னிங் தவிர?’ என்று மேடையில் பேசுவதை எத்தனையோ விழாக்களில் கேட்டிருக்கிறேன். நம்முடைய ஆறு பொழுதின் அழகில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நாலு நாலு மணி நேரமாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு திணையோடு சேர்த்துக் கட்டிய ஏற்பாடு அது. அதற்காக ஆங்கிலத்தை ஏழை என்று சொல்லிவிடக் கூடாது. 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ஃப்ரிக் என்ற ஆங்கிலத் துறவி குருமார்களுக்காக எழுதியதில் ஏழு வழிபாட்டு வேளைகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார்: உஹ்ட்சாங், ப்ரிம்சாங், உண்டர்ன்சாங், மிட்டேசாங், நோன்சாங், ஏவன்சாங், நிஹ்ட்சாங். பின்னிரவில் தொடங்கி மறுபடி இரவில் முடிகிற ஏழு. இந்தத் தளத்தில் பொழுதுகளைப் பற்றிய பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டால் அந்த ஏழின் வேர்களும் பெரும்பாலும் ஆங்காங்கே எதிர்ப்படும்.

முதலில் அந்தியைப் பார்ப்போம். டஸ்க் என்று தட்டினால் அந்தச் சொல் இடம்பெறும் தலைப்புகள் வரும். அந்திப்பொழுதுக்கான தலைப்பைச் சொடுக்க வேண்டும். அங்கே ஆச்சரியம், நாம் தேடிப்போன டஸ்க் அந்த வீட்டில் மூத்த பிள்ளை கிடையாது. பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறக்குறைய 1100 வரை வழங்கிய ஆங்கிலத்தில், ‘டாக்ஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. கருமை படர்ந்த நிறத்தைச் சொல்வது. அதன் வழியில் வந்த டஸ்க், அந்திப்பொழுது என்ற பெயர்ச்சொல்லாக எழுத்தில் ஏறுவது 1620களில்தான். ட்வைலைட் அதைவிட இருநூறு வருஷத்துக்கு மேல் மூத்தது, 14ஆம் நூற்றாண்டின் கடைசி. அதற்கும் முன்னால், ஆங்கிலேயர்கள் 1066இல் வந்த நார்மன் ஆட்சியைப் பார்ப்பதற்கு முன்பே ‘க்ளோமுங்’ இருந்திருக்கிறது.

இந்த க்ளோமுங்கின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான் இன்றைய க்ளோமிங். இங்கிலாந்தின் எழுத்து வழக்கில் இடையில் அது ஏறக்குறைய காணாமல் போயிற்று. ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் விடாமல் வைத்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பர்ன்ஸும் அவரைப் போன்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர்களும் தங்கள் ஊர்ப் பேச்சைக் கவிதையில் கொண்டுவந்தபோது அந்தச் சொல் திரும்ப இங்கிலாந்துக்குள் நுழைந்தது. நுழைந்தபோது அதற்கு ஒரு கவிதை மணம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ஆங்கிலத்தில் யாராவது க்ளோமிங் என்று எழுதினால் கொஞ்சம் பழமையும் கொஞ்சம் வடக்குவாடையும் சேர்த்தே எழுதுகிறார்கள். மொழிபெயர்க்கிறவர் அதை வெறும் ‘மாலை’ என்று போட்டால் பாதி போய்விடும். ‘அந்தி’யோ ‘மசங்கல்’லோ போடலாம்.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்த்தால் அந்திக்கு ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது. ஆந்தை வெளிச்சம் என்று பொருள்படும் அவுல்-லைட். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வருகிற காக்‌ஷட். கோழியை அடைக்கிற நேரம் என்று சிலர் சொல்கிறார்கள். வுட்காக் என்ற காட்டுப் பறவை மரங்களுக்கு நடுவே பாய்ந்து பறக்கிற நேரம், அப்போது வலை கட்டிப் பிடிப்பார்கள், அதனால் வந்த பெயர் என்று வேறு சிலர். இரண்டில் எதுவானாலும் கடிகாரம் பார்க்காதவர்கள் வைத்த பெயர் அது. அமெரிக்காவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சர்ச் கூட்டங்களை ‘எர்லி கேண்டில்-லைட்’ நேரத்தில் என்று அறிவிப்பார்கள். நம் வீட்டில் ‘விளக்கு வைக்கிற நேரத்துல தூங்காதே’ என்பார்களே, அதே விளக்கு வைக்கிற நேரம்தான். இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை, கையிலேயே இருக்கிறது.

அந்திக்கு மட்டும் அங்கே ஏன் இத்தனை சொல்? தளம் இதற்குப் பதில் சொல்லாது. பூகோளப் புத்தகம் சொல்லும். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. சென்னையில் சூரியன் மறைந்ததிலிருந்து அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்குவதற்கு இருபது நிமிஷத்துக்குச் சற்றே கூடத்தான் ஆகும். தெருவிளக்கு இல்லாமல் நடக்க முடிகிற அந்தி அவ்வளவுதான். கிளாஸ்கோ இருப்பது வடக்கே 56ஆவது பாகைக்கு அருகில். அங்கே சூரியன் சாய்வாக இறங்கும். ஜூன் மாதத்தில் அதே 6 பாகைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதோடு முடியவில்லை. ஜூன் நடுவில் கிளாஸ்கோவில் நள்ளிரவில்கூடச் சூரியன் 11 பாகைக்குக் கீழே போவதில்லை. வானியல்காரர்கள் அந்தியை மூன்றாகப் பிரிப்பார்கள்: 6 பாகை வரை சிவில், 12 வரை நாட்டிகல், 18 வரை அஸ்ட்ரனாமிக்கல். இந்தக் கணக்குப்படி அந்த வாரங்களில் கிளாஸ்கோவுக்கு முழு இரவே கிடையாது, அந்தி அப்படியே நீண்டு விடியலோடு போய்ச் சேர்ந்துவிடும். இன்னும் வடக்கே ஷெட்லண்ட் தீவுகளில் அந்த இருளாத கோடை இரவுக்கு ‘சிம்மர் டிம்’ என்றே பெயர். அத்தனை நேரம் நீடிக்கிற ஒன்றுக்கு ஒரே ஒரு சொல் போதவில்லை என்பதில் வியப்பில்லை. இந்தக் களஞ்சியத்தை உருவாக்கியவர்கள் வருஷாவருஷம் அந்த வெளிச்சத்தின் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

மதியத்துக்கு வருகிறேன். இந்தத் தளத்தின் முழுப் பயனும் தெரிகிற இடம் இதுதான்.

நூன் என்றால் பகல் 12. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது லத்தீனில் ஒன்பதாவது மணி என்று பொருள்படும் ‘நோனா’விலிருந்து வந்தது. ரோமானியர்கள் சூரியன் உதித்ததிலிருந்து மணி எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்பதாவது மணி நம் கணக்கில் பிற்பகல் 3. பழைய ஆங்கில நூலில் நோன் என்று வந்தால் அது பிற்பகல் 3. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து 14ஆம் நூற்றாண்டுக்குள் 12க்கு வந்து உட்கார்ந்துவிட்டது. துறவிகள் அந்த வேளை ஜெபத்தையும் அதை ஒட்டிய சாப்பாட்டையும் முன்னுக்கு இழுத்ததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அண்டர்ன் இதற்கு நேர்மாறாக நகர்ந்தது. ஆல்ஃப்ரிக்கின் உண்டர்ன்சாங்கில் இருக்கிற அதே சொல். முதலில் அது மூன்றாவது மணி, அதாவது காலை 9. பின்னால் உச்சிப்பகலைச் சொல்லவும் பயன்பட்டது, அதற்கும் பின்னால் பிற்பகலைச் சொல்லவும். கடைசியில் இங்கிலாந்தின் சில வட்டாரங்களில் பிற்பகலில் கொறிக்கிற சிற்றுண்டிக்குப் பெயராகச் சுருங்கி நின்றது. சாசரின் பொறுமைசாலி கிரிசெல்டா கதையில், கல்யாண நாளன்று அண்டர்ன் வேளை நெருங்கியது என்று ஒரு வரி வரும். அதை எந்த மணியாக எடுத்துக்கொள்வது? அகராதியில் தேடினால் மூன்று பொருளும் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிடக்கும். கிளாஸ்கோ தளத்தில் அண்டர்ன் மூன்று வெவ்வேறு தலைப்புகளின்கீழ் தனித்தனி ஆண்டுகளோடு இருக்கும். காலைக்கான தலைப்பில் அதன் பக்கத்தில் வேறு என்ன சொற்கள் அப்போது உயிரோடு இருந்தன என்றும் பார்க்கலாம். அதை வைத்துத்தான் முடிவுக்கு வர முடியும். சாசர் காலத்து வாசகனின் கையில் என்னென்ன சொல் இருந்தது என்று தெரிந்தால்தானே அவர் ஏன் இதை எடுத்தார் என்று சொல்ல முடியும்!

ஈவ்னிங் விஷயம் இன்னும் வேடிக்கையானது. ஒரு சனிக்கிழமை ரோமியோ ஜூலியட் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் அங்கத்தில் ஜூலியட்டின் தாதி வந்து எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்வாள். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ பதிலுக்கு ‘குட் டென்’ என்பான். குட் ஈவன் சுருங்கி வந்த வடிவம் அது. அதற்குள்ளா மாலை ஆகிவிட்டது என்று அவள் கேட்க, கடிகார முள் உச்சியில் நிற்கிறது பாருங்கள் என்று அவன் ஆபாசமாக ஒரு பதில் சொல்வான்.

படிக்க வந்த பிள்ளைகளில் ஒருத்தி, ஆலங்குளத்துப் பக்கம் ஊர், கையைத் தூக்கினாள். “டீச்சர், மணி பன்னெண்டுதான ஆவுது? பன்னெண்டு மணிக்கு யாரு டீச்சர் குட் ஈவ்னிங் சொல்லுவா? தப்பா அடிச்சிட்டாங்களோ?”

“தப்பு இல்லம்மா. அவுங்களுக்கு உச்சி சாஞ்சதுமே ஈவன் ஆரம்பிச்சிரும். லேப்டாப்ப இங்கிட்டுத் திருப்பு, பாப்போம்” என்றேன்.

ஈவ்னிங் என்று தேடினோம். ஒரே சொல் பல தலைப்புகளில் நின்றது. பழைய ஆங்கிலத்தின் ஏஃப்னுங், பொழுது சாய்ந்து மாலை ஆவதைச் சொல்லும். சூரியன் மறைந்ததிலிருந்து படுக்கப் போகிறவரை என்று இன்று நாம் நினைக்கிற பொருள் 15ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்படுகிறது. நடுப்பகலுக்குப் பின்னாலான நேரம் முழுவதையும் ஈவ்னிங் என்கிற வழக்கு அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் சில இடங்களில் இன்றும் பேச்சில் இருக்கிறது. அந்தப் பிள்ளை தன் நோட்டில் எழுதிக்கொண்டு, “அப்போ தாதியம்மாதான் டீச்சர் லேட்டு. மெர்குஷியோ கரெக்டாத்தான் சொல்லிருக்கான்” என்றாள். அந்த நகைச்சுவையே அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஒரு பதிப்பில் அடிக்குறிப்பாக இரண்டு வரி படித்திருந்தால் அது தகவலாகக் கடந்துபோயிருக்கும். தேதிகளைத் தானே பார்த்துத் தானே கண்டுபிடித்தது அவளுக்கு மறக்காது.

மார்னிங் என்ற சொல்லே ஈவ்னிங்கைப் பார்த்துச் செய்த சொல் என்பதும் இங்கே தேதிகளை ஒப்பிட்டால் புலப்படும். முதலில் இருந்தது மார்கன், அது தேய்ந்து மாரோ. 13ஆம் நூற்றாண்டில் ஈவ்னிங் மாதிரியே ‘இங்’ ஒட்டிக்கொண்டு மார்னிங் ஆயிற்று. விடியலைச் சொல்லும் டான் என்ற பெயர்ச்சொல்லும் இளையதுதான், 1590கள். அதற்கு முன்பு டானிங், அதற்கும் முன்பு டாயிங். நடுவில் டேஸ்பிரிங் என்று ஒன்று வருகிறது, பகல் ஊற்றெடுக்கிற நேரம். 1611ஆம் வருஷத்து ஆங்கில பைபிளில் லூக்கா முதல் அதிகாரத்தில் அது இருக்கிறது. நம் தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘அருணோதயம்’ என்று போட்டிருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமாக ஒன்றைப் போட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முற்பகலைச் சொல்லும் ஃபோர்நூனைத் தேடியபோது எனக்கு ஒரு தனி நெருக்கம் தோன்றியது. இங்கிலாந்தில் சாதாரணப் பேச்சில் இப்போது அதைக் கேட்பது அரிது. ஸ்காட்லாந்திலும் கப்பல்களிலும் தங்கியது. கப்பலில் காலை 8 முதல் 12 வரையிலான காவல்முறைக்கு ஃபோர்நூன் வாட்ச் என்றே பெயர். ஆனால் தமிழ்நாட்டில் அரசு வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் அந்தச் சொல் தெரியும். மாறுதலாகிப் புதுப் பள்ளிக்குப் போனால் கொடுக்கிற பணியேற்பு அறிக்கையில் தேதிக்குப் பக்கத்தில் எஃப்.என். போட வேண்டும். பழைய பள்ளியில் விடுவிப்பு பிற்பகல் என்றால் ஏ.என். தேர்வு நுழைவுச்சீட்டில் அதே இரண்டு எழுத்து. தமிழில் எழுதினால் முற்பகல், பிற்பகல். 1500ஐ ஒட்டி எழுத்தில் ஏறிய ஒரு சொல், பிறந்த ஊரில் அருகிப்போய், தென்காசி மாவட்டத்து மாவட்டக் கல்வி அலுவலகக் கோப்பில் தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நாளைமறுநாள் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இல்லை என்று நாம் நினைக்கிறோம். இருந்தது. ஓவர்மாரோ. 1535இல் கவர்டேல் அச்சிட்ட ஆங்கில பைபிளில் அது வருகிறது. முந்தாநாளுக்கு எயர்யெஸ்டர்டே. இரண்டையும் ஆங்கிலம் பயன்படுத்தாமல் விட்டு, மூன்று நான்கு சொல்லைக் கோர்த்துச் சுற்றிவளைத்துச் சொல்லப் பழகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் தங்கள் ‘யூபர்மார்கன்’னை இன்றுவரை விடவில்லை. ஃபோர்ட்நைட் மட்டும் பிழைத்தது. பதினாலு இரவு என்பதன் சுருக்கம். ஏழு இரவு என்ற செனைட் போய்விட்டது. நாட்களை இரவுகளால் எண்ணுகிற ஜெர்மானியப் பழக்கத்தை கி.பி. 98லேயே டாசிட்டஸ் என்ற ரோமானியர் குறித்து வைத்திருக்கிறார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது உஹ்ட். இரவின் கடைசிப் பகுதி, விடியலுக்கு முன்னால் வருகிற நேரம். நம் வைகறை. அதோடு கவலையைச் சேர்த்து உஹ்ட்கேயரு என்று ஒரு கூட்டுச்சொல். 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியான எக்ஸிடர் ஏட்டில், கணவனைப் பிரிந்த பெண் ஒருத்தி பேசும் கவிதையில் மட்டும் அது வருகிறது. பழைய ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்தில் வேறெங்கும் இல்லை. கணவன் கடல் கடந்து போய்விட்டான், எந்தத் தேசத்தில் இருக்கிறானோ என்று வைகறையில் விழித்துக் கிடந்து வருந்துகிறாள். நெய்தல் பாட்டைப் பாடம் கேட்ட பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தப் பொழுதின் பெயரையும் அந்தத் துயரத்தையும் ஒரே சொல்லாக ஒட்டிய ஒரு மொழியை வறண்ட மொழி என்று யாரும் என் முன்னால் சொல்லக் கூடாது.

இதை உருவாக்கிய விதத்தையும் சொல்லியாக வேண்டும். 1965 ஜனவரியில் கிளாஸ்கோ பேராசிரியர் மைக்கேல் சாமுவெல்ஸ் லண்டன் ஃபிலலாஜிக்கல் சொசைட்டி என்ற மொழியியல் சங்கத்தில் இந்தத் திட்டத்தை அறிவித்தார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்கு 1857இல் வித்திட்டதும் அதே சங்கம்தான். அந்தப் பேரகராதியில் உள்ள சொற்களை அகரவரிசையிலிருந்து கழற்றி, பொருளுக்கு ஒரு சீட்டாக எழுதி, பொருள்வாரியாக அடுக்க வேண்டும். கணினி இல்லாத காலம். சீட்டு சீட்டாகக் கையால் எழுதினார்கள். 1978இல் அவர்கள் இருந்த கட்டடம் தீப்பிடித்தது. சீட்டுகள் இரும்பு அலமாரிகளில் இருந்ததால் பிழைத்தன. அன்றைக்கு மர அலமாரியாக இருந்திருந்தால் பதிமூன்று வருஷ உழைப்பு சாம்பல். 2009இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சில் வந்தது, நாலாயிரம் பக்கத்தை ஒட்டி. நாற்பத்துநாலு வருஷம். கிறிஸ்டியன் கே, ஜேன் ராபர்ட்ஸ், சாமுவெல்ஸ், ஐரீன் வாதர்ஸ்பூன் ஆகிய நால்வரின் பெயரில் வந்தது. மறுவருஷம் சாமுவெல்ஸ் காலமானார். தன் வேலை அச்சாகி வந்ததை அவர் பார்த்துவிட்டார் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி, இதில் கிடைக்காதவை. இது அகராதி கிடையாது. சொல்லுக்கு விளக்கம் இருக்காது, தலைப்புதான் விளக்கம். எடுத்துக்காட்டு வாக்கியமும் உச்சரிப்பும் இல்லை. சொல் வந்த முழு வாக்கியத்தைப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குப் போக வேண்டும், அதற்குச் சந்தா கட்ட வேண்டும். கல்லூரி நூலகத்தில் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆண்டுகளைக் கையாளவும் கொஞ்சம் பக்குவம் வேண்டும். 1590கள் என்று போட்டிருந்தால் எழுத்தில் அகப்பட்டது அப்போது என்றுதான் பொருள். ஊர்ப் பேச்சில் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். முடிவு ஆண்டும் அப்படியே, கடைசிச் சான்று கிடைத்த ஆண்டு அது. பிள்ளைகள் பரீட்சைத் தாளில் ‘இந்தச் சொல் இந்த ஆண்டில் உருவாக்கப்பட்டது’ என்று எழுதினால் நான் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன்.

வட்டார வழக்குதான் இதன் மெலிந்த பக்கம். மூலப்பொருள் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் பழைய ஆங்கில அகராதிகளும். 1898க்கும் 1905க்கும் நடுவில் ஜோசப் ரைட் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட வட்டார வழக்கு அகராதியை இதில் மொத்தமாகக் கொட்டவில்லை. அந்திக்கு டெவன் பக்கத்தில் டிம்ப்ஸி என்பார்கள். வட அயர்லாந்தின் அல்ஸ்டரில் டேலிகான், பகல் போயாயிற்று என்று பொருள். லாங்கஷயரில் டேலைட் கேட். 1612இல் பெண்டில் மலையடிவாரத்து ஆட்களைச் சூனியம் செய்தவர்கள் என்று விசாரித்த வழக்கின் பதிவில் இந்த டேலைட் கேட் வருகிறது. இப்படிப்பட்ட ஊர்ச் சொற்களில் பேரகராதிக்குள் ஏறியது எதுவோ அதுதான் இங்கேயும் இருக்கும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. பொழுதைப் பற்றிய சொல் ஆடு மாடு மேய்க்கிறவர்களிடமும் மீன் பிடிக்கிறவர்களிடமும்தான் செழிப்பாக இருக்கும். அவர்கள் பேச்சு அச்சில் ஏறியது குறைவு.

போட்டித் தேர்வுக்கு ஒத்த சொல் மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இது உதவாது. வேண்டாத பழைய சொல்லை எழுதிவைத்து மதிப்பெண் இழப்பார்கள். இன்றைய ஆங்கிலத்தில் கட்டுரை எழுத நல்ல சொல் தேடுகிறவர்களுக்கும் சாதாரண தெசாரஸ் போதும். 1900க்கு முந்திய ஆங்கிலத்தைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும், கதை மொழிபெயர்ப்பாளரோ கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களைப் புரட்டுகிற வரலாற்று மாணவரோ, இது பக்கத்தில் இருக்கட்டும். கம்பெனிக் கடிதத்தில் ‘இன் தி ஈவ்னிங் கப்பல் கரை தட்டியது’ என்று இருந்தால், அது விளக்கு வைத்த பிறகா, வெயில் தாழ்ந்த நேரமா என்ற கேள்வி உங்களுக்கு வர வேண்டும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். ஒரு சொல்லின் தலைப்புக்குப் போனதும் மேலே உள்ள பெரிய தலைப்புக்கு ஒரு படி ஏறுங்கள். அந்தியிலிருந்து ஏறினால் நாளின் பொழுதுகள் என்ற கிளை விரியும். அதில் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளாக விடியல், காலை, உச்சி, பிற்பகல், இரவு எல்லாம் இருக்கும். கைப்பேசியில் கிளைகள் குறுகிப்போகும், மடிக்கணினியே நல்லது. 2020இலிருந்து இரண்டாம் பதிப்பின் தரவுகள் தளத்தில் இருக்கின்றன, ஆண்டுகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு, என்றைக்குப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு எழுதுகிறவர்களிடம் வாய்மொழித் தேர்வில் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.